குரல் போன போதகர்

பொம்மசந்திரா போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஒரு போதகரின் நினைவுக் கூட்டம் முடிந்து வருகிறார்கள் என்பது பேச்சில் தெரிந்தது. மூத்தவர் அவருடைய மகள், இளையவர் சபைக்காரப் பெண்.

"தொண்டை ஆபரேஷன்ல அப்பாவுக்குப் பேச்சு நின்ன பிறகுதான் எங்க வீட்ல பேச்சே ஆரம்பிச்சுது" என்றார் மகள்.

"என்னக்கா இப்படிச் சொல்றீங்க? குடும்பத்தைப் பத்தி ஐயா மாதிரி யார் பிரசங்கம் பண்ணுவாங்க?"

"பண்ணுவார். நான் கணக்குல ஃபெயிலானதைப் பீன்யா சபையில சொன்னார், ஓசூர்லயும் சொன்னார். என்கிட்ட மட்டும் ஒரு வார்த்தை கேக்கலை."

"பேச்சு நின்ன பிறகு?"

"அம்மா பக்கத்துல உக்காந்து அவரேக்காய் மொச்சை உரிச்சுக் குடுப்பார். கல்யாணமானதுலேர்ந்து சொல்ல முடியாததையெல்லாம் அம்மா சொல்வாங்க. தலையாட்டிக் கேப்பார்."

"குரல் திரும்பணும்னு நாங்க உபவாசம் இருந்து ஜெபிச்சோமே."

"ஆமா, வீட்டுக்கே வந்தீங்க. எல்லாரும் ஆமென் சொன்னீங்க. முட்டி போட்டிருந்த அம்மா மட்டும் சொல்லலை. அப்பா அதைப் பாத்துட்டார்."

"கோவிச்சுக்கிட்டாரா?"

"நீங்க போனதும் சமையலறைக்குப் போனார். அம்மாவுக்குக் காபி போட்டுக் கொண்டாந்தார். அவர் கையால அம்மா குடிச்ச முதல் காபி."