மெருகு போட்ட வாட்சு

— ஒரு லட்சத்து நாப்பத்து மூவாயிரத்து ஐநூறு. எம் மவன் இளம்பரிதி சிங்கப்பூர் போறப்ப நீங்க குடுத்ததுல பாக்கி. சரிதானே பாய்?

— சரிதான் வீரையண்ணே. அதுக்கு என்ன இப்ப? எங்கிட்ட தேங்கா மட்டை உரிக்கிற ஆளைக் கடனுக்காக என்னைக்காவது நிறுத்தி வச்சிருக்கேனா?

— நீங்க கேக்க மாட்டீங்க. அவன் செத்து அஞ்சு வருஷமாச்சு, இன்னும் அவன் பேர்ல கடன் நிக்கிறது எனக்குத்தான் உறுத்துது. இந்தாங்க, அவன் வாட்சு. எம் மவ பூவிழி அனுப்புன போட்டோவப் பாத்துட்டு, கடனைக் கழிச்சு மேல முப்பதாயிரம் தரேன்னீங்களே.

— குடுங்க, குடுங்க. நாலு நாளா எனக்கு வேற நெனப்பே இல்ல. தேங்கா வித்த காசையெல்லாம் பழைய வாட்சுல கொட்டுறான் சலாஹுதீன்னு பட்டுக்கோட்டையே சிரிக்குது. சிரிக்கட்டும்... அண்ணே, என்ன இது?

— என்ன பாய்?

— இது அந்த வாட்சா?

— அதேதான். மாப்பிள்ளை கணக்கா மினுக்குதுல்ல? தஞ்சாவூர்ல ஒரு பாலிஷ் கடை. மெஷின்ல வச்சுத் தேய்ச்சான். ஐநூறு கேட்டான், முந்நூத்தம்பதுக்கு முடிச்சேன்.

— ஏண்ணே? எதுக்குத் தேய்ச்சீங்க?

— சந்தைக்கு ஓட்டுற மாட்டைக் குளிப்பாட்டாம, கொம்புக்கு வர்ணம் அடிக்காமலா ஓட்டுவாங்க? ஒரே கோடும் கீறலுமா கெடந்துச்சு. அவ்வளவு பணம் தர்றவரு கையில அதை அப்படியே எப்படிக் குடுக்கறது? எனக்கு வெக்கமா இருந்துச்சு.

— யா அல்லா. நான் சொல்லியிருக்கணும். கை வைக்காம கொண்டாங்கன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கணும்.

— வெலை கொறஞ்சிருச்சா?

— பாதிக்குங் கீழ போயிருச்சு.

— பளபளன்னு ஆக்குனதுக்கா? இது எந்த ஊர் நியாயம் பாய்?

— தங்க வாட்சுன்னா மினுக்குக்கு வாங்குவான். இது அந்த ரகம் இல்லண்ணே. சுவிஸ்காரன் கடல்ல முங்குறவனுக்குன்னே எஃகுல செஞ்சது. இந்த வளையத்தைத் திருப்பி வச்சுட்டு உள்ள போனா, போயி எத்தனை நிமிஷமாச்சு, சிலிண்டர் காத்து இன்னும் எவ்வளவு நேரம் தாங்கும்னு தெரியும். உங்க மம்பட்டி மாதிரி. கடையில தொங்குற புது மம்பட்டிய எவன் மதிக்கிறான்? வேலை பாத்தது வேணும், எங்கள மாதிரி பழைய வாட்சு சேக்கறவனுக்கு. கீறலுக்குத்தான் காசே.

— நீங்க தண்ணியில முங்குவீங்களா பாய்?

— நான் குளத்துலகூட முட்டிக்கு மேல எறங்க மாட்டேன். அதனாலதான் எனக்கு முங்குனவன் வாட்சு மேல இவ்வளவு கிறுக்கு. இந்தா, பழைய போட்டோவப் பாருங்க. வளையத்துல நாலு மணி காட்டுற எடத்துக்குப் பக்கத்துல ஒரு பள்ளம் இருக்கு பாருங்க. இதுல மயங்கித்தான் அந்த வெலை சொன்னேன்.

— எங்க, பெருசாக்குங்க.

— இதோ.

— இது... அந்தச் சங்கிலி பட்டது.

— எந்தச் சங்கிலி?

— கப்பலுக்கு அடியில பாசி சுரண்டிக்கிட்டு இருந்தப்ப சங்கிலி ஒண்ணு வந்து கையை நெரிச்சுருச்சாம். "வாட்சு வாங்கிக்கிச்சுப்பா, இல்லன்னா கை போயிருக்கும்"னு போன்ல சிரிச்சான். அவங்க அம்மா ரெண்டு நாள் சோறு திங்கல. அதா இது?

— அதாத்தான் இருக்கும்.

— அப்ப மத்த கோடெல்லாம்?

— கூட வேலை பாத்த கெழவன் ரிட்டயராகறப்ப குடுத்த வாட்சுதானே? அவரு போட்டது கொஞ்சம் இருக்கும். மீதி உங்க மவன் போட்டதுண்ணே. நாலு வருஷம் தண்ணிக்கடியில அவன் பட்ட பாடு.

— பக்கத்துல நின்னு பாத்தேன் பாய். பாலிஷ் கடைக்காரன் போதும்னுதான் சொன்னான். "இங்க ஒரு பள்ளம் தெரியுது, இதையும் எடு"ன்னு நாந்தான் வெரல வச்சுக் காட்டுனேன்.

— உக்காருங்கண்ணே. தண்ணி குடிங்க.

— திருப்பிப் போட முடியுமா? போட்டோதான் இருக்கே, அதைப் பாத்து?

— எவன் போட்டாலும் அது உங்க மவன் போட்டதாகாதுண்ணே.

— சரி. வந்த வெலைக்கு எடுத்துக்குங்க. மீதிக்கு மட்டை உரிச்சுக் கழிக்கறேன்.

— வேணாம். இந்தா, நீங்க கைநாட்டு வச்ச பத்திரம். கிழிச்சாச்சு, பாருங்க. இனிமே உங்க மவன் யாருக்கும் கடனாளி இல்ல. வாட்சையும் கொண்டு போங்க. நான் கண்ணு வச்சதாலதானே இவ்வளவும்.

— கொண்டு போயி? ராத்திரி ராத்திரி அவங்க அம்மா இருட்டுலயே இதைத் தடவிக்கிட்டு கெடப்பா. இப்ப வழவழன்னு இருக்கு. என்னன்னு சொல்லிக் குடுப்பேன்?

— இந்தப் பழைய போட்டோவப் பெருசாப் பிரிண்ட் போட்டுத் தரேண்ணே, அதையாவது குடுங்க.

— கொரோனாவுல அங்கேயே எரிச்சுட்டாங்க. பெட்டி வந்துச்சு, துணி வந்துச்சு. காவேரியில கரைக்க ஒரு பிடி சாம்பல் வரல.

— தெரியும்ண்ணே.

— பாய், அந்த மெஷினுக்கு அடியில ஒரு தகரத் தட்டு இருந்துச்சு. தேய்ச்ச பொடி கருகருன்னு அதுலதான் விழுந்துச்சு. பில்லுல நம்பர் இருக்கு. தட்டைக் கொட்டிறாதன்னு அவனுக்கு ஒரு போன் போடுங்க பாய், நான் இப்பவே பஸ் ஏறிடறேன்.