சந்திரமதி திருத்திய வெப்பநிலை

அவைத் தலைவர் லியாக்கத் அலி அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும், மறைந்த அம்மையாரின் கணவர் கமலநாதன் அவர்களே, வேலை முடிந்த களைப்போடு பெர்மாஸ் ஜெயா மண்டபத்துக்கு வந்திருக்கும் அன்பர்களே, வணக்கம்.

எனக்கும் களைப்பாகத்தான் இருக்கிறது. டாக்டர் சந்திரமதியும் நானும் பல ஆண்டுகள் ஒரே ஆய்வுக்கூடத்தில் எதிரெதிரே அமர்ந்தவர்கள். அவருக்கு இரங்கல் சொல்ல நான் நிற்பேன் என்று யார் நினைத்தது?

பாலோ என்ற சிற்றூரில் பிறந்தவர், கிரீன்லாந்தின் பழம்பனியை ஆராய்ந்தார். சுமார் ஒரு லட்சத்து இருபத்தைந்தாயிரம் ஆண்டுகளுக்கு முன், இரண்டு பனியுகங்களுக்கு நடுவே, பூமி சூடாக இருந்த காலம் ஒன்று உண்டு. அன்று துருவத்தில் எவ்வளவு சூடு? பனியிலுள்ள கனமான, இலேசான ஆக்சிஜன் வகைகளின் விகிதத்தை அளந்து அதைக் கணக்கிட்டார். விடை மிக உயர்வாக வந்தது. பத்திரிகைகள் எழுதின. வெளிநாட்டுக் குழுக்கள் தேடி வந்தன.

பிறகு அவரே ஒரு பிழையைக் கண்டார். அக்காலத்தில் அங்கே பனி அதிகமும் கோடையில்தான் பொழிந்திருக்கிறது. கோடையின் சூட்டை ஆண்டு முழுவதற்குமான சூடாக எடுத்துக்கொண்டிருந்தார். யாரும் கேட்கவில்லை. யாரும் கண்டுபிடிக்கவும் இல்லை. ஆனாலும் வெளியான தன் ஆய்வுக் கட்டுரையைத் திரும்பப் பெற்றார். கொஞ்சம் பொறுக்கச் சொல்லித் துறையில் பலர் மன்றாடினார்கள்.

"தெரிஞ்சப்புறம் எப்படி லா சும்மா இருக்கிறது?" என்றார்.

குழுக்கள் விலகின. வகுப்பெடுத்துக்கொண்டே, தனியாக, முதலிலிருந்து கணக்கிட்டார். புதிய விடை பழையதைவிடக் குறைவு.

பொந்தியான் கடலோர மக்களிடம் அதை விளக்கினார். மீனவர் குணாளன், அப்படியென்றால் இனி பயமில்லைதானே என்று நிம்மதியாகக் கேட்டார். அம்மையார் மறுத்தார்.

"இல்லண்ணே. அப்போ கடல் இப்ப இருக்கிறதவிட பல மீட்டர் உசரமா இருந்துச்சு. அதுல மாத்தமில்ல. நாங்க நெனச்சதவிடக் கம்மியான சூட்டுக்கே அவ்வளவு பனி கரைஞ்சிருக்கு."

திரும்பும் வழியில் காரில் அழுதார். கடல் அவ்வளவு உயர மிகுந்த சூடு வேண்டும் என்று காட்டிய பழைய தவறான விடையே மக்களுக்கு ஆறுதலாக இருந்திருக்கும் என்றார். அதற்காக அதை வைத்துக்கொள்ள முடியுமா? அவரால் முடியவில்லை.

அடுத்து அவர் தொடங்கிய அண்டார்டிகா பனியின் கணக்கு பாதியில் இருக்கும்போது புற்றுநோய் அவரைக் கொண்டுபோய்விட்டது. மருத்துவமனைப் படுக்கையிலும் மாணவி சாந்தினியிடம் அதைப் பற்றியே பேசினார்.

நண்பர்களே, வீரமுழக்கம் செய்ய என்னிடம் தெம்பில்லை. திங்கட்கிழமை சாந்தினியும் நானும் அந்தக் கணக்கைத் தொடர்வோம். விடை யாருக்கும் பிடிக்காததாக வந்தாலும் வெளியிடுவோம். வெளியிட்டபின் அது தவறென்று தெரிந்தால், யாரும் கேட்கும் முன்பே நாங்களே எழுந்து சொல்வோம்.

அம்மையாரே, நீங்கள் ஓய்வெடுங்கள்.