அல்போன்ஸ் வெளியே போன ஞாயிறு

ஜன்னலில் கறுப்புத் தாள் சரியாக ஒட்டியிருக்கிறதா, பாருங்கள். ரோந்து வருகிறவன் சத்தம் போடுவான். விளக்கைத் தணித்துவிட்டு நெருங்கி உட்காருங்கள்... சொல்லிவிடலாம். நம் விக்டர் இருக்கிறாரே, அவருடைய சித்தப்பா அல்போன்சுக்கு நடந்தது இது.

விடியற்காலை நாலரை மணி. சாந்தோமிலிருந்து அடையாற்று முகத்துவாரத்துக்குப் போகும் மணல் பாதை. நாய் கூட இல்லை. போன வருஷம், நாற்பத்திரண்டு மே மாதம். ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணத்தில் பாதிப் பேர் ஊரைக் காலி செய்துவிட்டிருந்த சமயம்.

அல்போன்ஸ் பூகோள வாத்தியார். வாரம் முழுக்கக் கரும்பலகையில் ஆறும் மலையும் வரைவார். ஞாயிற்றுக்கிழமையானால் வீடு தங்கமாட்டார். பரங்கிமலை, வேளச்சேரி ஏரி, கடலோரமாகவே கோவளம் வரை... நடைதான். மயிலாப்பூர் மாடவீதிக் கிச்சா துணை. இருவருக்கும் ஒரே பைத்தியம்.

மனைவி கிளாடிஸ் வாராவாரம் கேட்பாள். "அங்க என்னதான் இருக்கு? கல்யாணமாகி ஆறு வருஷம். ஒரு ஞாயித்துக்கிழமை எங்களோட உக்காந்து சாப்பிட்டதில்ல."

அவர் சிரித்துவிட்டுக் கிளம்பிவிடுவார். அன்றைக்கும் அப்படித்தான். நாலு வயது மகள் நோரா தூக்கத்தில் அவர் வேட்டியைப் பிடித்திருந்தாள். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்துவிட்டு வந்தார்.

கிச்சா வரமாட்டார். வியாழக்கிழமையே குடும்பத்தோடு கும்பகோணத்துக்கு ரயிலேறிவிட்டார். அதனால் தனியாகத்தான்...

முகத்துவாரத்தை அடைந்தபோது அக்கரையில் ஓர் ஆள். முழங்காலுக்கு மடித்துக் கட்டிய வேட்டி, அக்குளில் குடை. கிச்சா.

"வாரும் ஓய். முழங்கால் தண்ணிதான்."

"கும்பகோணம் போகலையா?"

கிச்சா திரும்பி நடக்க ஆரம்பித்துவிட்டார்.

அல்போன்ஸ் ஆற்றில் இறங்கினார். தண்ணீர் சில்லென்றிருந்தது. மே மாதத்தில் அப்படிச் சில்லிடாது. கரையேறி வேகமாக நடந்தார். கிச்சா பத்தடி முன்னால். எட்டிப் போட்டு நடந்தாலும்... அதே பத்தடி. காற்றில் ஒரு வாடை. பூட்டிக் கிடந்த பெட்டியைத் திறந்தால் வருமே, பாச்சை உருண்டை வாடை, அது. கடற்கரையில் ஏது? அலைச் சத்தம் கேட்டது. மணலில் நறநறவென்று காலடிச் சத்தம் கேட்டது... ஒருவருடையது மட்டும்.

அதைக் கவனித்தார். கவனித்தும் நடந்தார். ஏனென்றால் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. பள்ளிக்கூடம் ஞாபகம் இல்லை, குண்டு ஞாபகம் இல்லை. தான் யாருக்கும் எதுவும் செய்யவேண்டியதில்லை என்பது போல உடம்பே லேசாகியிருந்தது.

"கிச்சா, நாம எதுக்குய்யா இப்படிக் கிளம்பிக் கிளம்பிப் போறோம்?"

முன்னால் போனவர் திரும்பவில்லை. "ஆத்துல பொண்டாட்டி குழந்தைகளை இன்னொருத்தன் இருந்து பாத்துக்கட்டுமேன்னுதான்."

கிச்சாவின் குரல்தான். ஆனால் காதோரத்தில் கேட்டது.

அதற்கப்புறம் எவ்வளவு நேரம் என்று அவருக்குத் தெரியவில்லை...

"இன்னா நைனா, தனியா பேசிக்கினு போற? காலெல்லாம் ரத்தமா கீதே."

மீன்கூடைக்காரி ஒருத்தி எதிரே நின்றாள். அல்போன்ஸ் நின்றார். வலது பக்கம், பனைமரங்களுக்குப் பின்னால் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. அவருக்கு விடிந்ததே தெரியாது. உள்ளங்காலில் தோல் உரிந்து தொங்கியது.

"இது எந்த ஊரும்மா?"

"கோவளம்."

முன்னால் யாரும் இல்லை. வெறும் மணல்.

அங்கேயே உட்கார்ந்து அழுதார். ஒரு பகல் முழுக்க மனைவியை, குழந்தையை ஒரு தடவைகூட நினைக்கவில்லையே. கால்வாயில் விறகுப் படகுக்காரன் ஒருவன் இரக்கப்பட்டு ஏற்றிக்கொண்டான். மயிலாப்பூரில் இறங்கி, திங்கட்கிழமை விடிந்த பிறகு நொண்டிக்கொண்டே வீடு வந்தார். ராத்திரியெல்லாம் கிளாடிஸ் தவித்திருப்பாள், என்ன சொல்வது என்று வழிநெடுக யோசனை.

கிளாடிஸ் வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். முகத்தில் கோபமே இல்லை.

"எப்ப எழுந்து வெளிய போனீங்க? படுத்துக்கினுதானே இருந்தீங்க."

உள்ளே போனார். பாயைத் தொட்டுப் பார்த்தார். சூடு.

காப்பியை வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். கண் கலங்கியிருந்தது. "நேத்து நீங்களே நோராவத் தூக்கிக்கினு பூசைக்கு வந்தீங்க. மத்தியானம் அவளுக்கு ஊட்டிவிட்டீங்க. எனக்கு வேற ஒண்ணும் வேணாங்க. நேத்து மாதிரியே இருங்க, போதும்."

அவர் காப்பியை எடுத்துக் குடித்தார். நேற்று இருந்தது நான் இல்லை என்று எப்படிச் சொல்வது?

புதன்கிழமை கும்பகோணத்திலிருந்து கார்டு வந்தது. கிச்சா உயிரோடுதான் இருந்தார். போய்ச் சேர்ந்த நாளிலிருந்து காய்ச்சல், படுக்கையை விட்டே எழவில்லை என்று எழுதியிருந்தார்.

அடுத்த ஞாயிறு அல்போன்ஸ் பூசைக்குப் போனதோடு சரி. மற்றபடி படி தாண்டவில்லை. மத்தியானம் நோராவுக்குச் சோறு பிசைந்து ஊட்டப் போனார். குழந்தை உதட்டை இறுக்கி மூடிக்கொண்டது. அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்தவர் எழவே இல்லை.

விளக்கேற்றும் நேரம். சமையலறையிலிருந்து கிளாடிஸ் குரல் கொடுத்தாள். "நோரா, அப்பா என்ன பண்றாரு பாரு."

குழந்தை நாற்காலிக்கு எதிரே வந்து நின்றது. அவரை மேலும் கீழும் நிதானமாகப் பார்த்தது.

"அப்பா இன்னும் வரலம்மா..."