நத்தை ஓடு கிழித்த கால்

அக்டோபர் 17, வியாழன்.

நேற்று எழுதிய பாடக்குறிப்பில் ஒரு சிறு பிழை. மேக்ரோஃபேஜ் என்னும் வெள்ளணுவின் இரு வகைகளை இடம் மாற்றி எழுதிவிட்டேன். அழற்சியைத் தூண்டுவது முதல் வகை. கழிவை அள்ளிப் புண்ணை ஆற்றுவது இரண்டாம் வகை. திருத்திவிட்டேன். இப்போதும் சரிதானா என்று ஐயம். எனக்கு எதிலும் அப்படித்தான்.

தஞ்சாவூரில் மாலை வகுப்பு முடிந்து நீடாமங்கலம் வந்ததும் பெரியப்பா சாமிதுரையின் காலுக்குக் கட்டு மாற்றுவேன். ஜூன் மாதக் குறுவை நடவில் நத்தை ஓடு அவர் உள்ளங்காலைக் கிழித்தது. அப்பா இல்லாததால் என் நிச்சயதார்த்தத்தில் தட்டு மாற்ற வேண்டியவர் அவர்தான்.

“கட்டுக் காலோட சபையில நிக்கிறதா? ஆறட்டும், தேதி குறிப்போம்,” என்றார்.

“ஆமா, காலத்தான் பாக்கப்போறாங்க. மூஞ்சி மட்டும் ரொம்ப லட்சணம்,” என்று பெரியம்மா காத்தாயி சிரித்தார்.

நிச்சயம் ஆனால் படிப்பு நிற்கும் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லிவிட்டார்கள். எனக்குத் தேர்வுவரை நேரம் வேண்டியிருந்தது. புண்ணின் ஓரத்தில் இளஞ்சிவப்பாகப் புதுச் சதை வரும். அதை ஈரப் பஞ்சால் துடைத்து எடுத்தேன். கொஞ்சமாகத்தான். வலிக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் கேட்டேன். சர்க்கரை நோயால் அந்தக் காலில் உணர்வு குறைவு.

“ஒன் கை பட்டா எரியறதே இல்ல, செம்மொழி. ஆஸ்பத்திரிக்கு எதுக்கு அலையணும்?”

சென்ற வாரம் வகுப்பில் பூர்ணிமா மேடம் இதயத் தமனியை வரைந்து காட்டினார். படிந்த கொழுப்பின் மேல் மெல்லிய மூடி. உடம்பில் வேறெங்காவது அழற்சி ஓயாமலிருந்தால் தமனியிலும் முதல் வகை வெள்ளணுவின் கை ஓங்கலாம், மூடியை அரிக்கலாம். மூடி கிழிந்தால் ரத்தம் உறையும். பெரியப்பாவுக்கு அடைப்பு இருப்பது எனக்குத் தெரியும். ஆஞ்சியோ அறிக்கையை வீட்டில் படித்துச் சொன்னதே நான்தான்.

அன்றே நிறுத்தியிருக்கலாம். பாடத்தைத் தவறாகப் புரிந்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன். அன்றும் துடைத்தேன்.

இன்று அவர் நெஞ்சைத் தடவினார். முகம் வியர்த்திருந்தது. “வாயுதான். ஒங்க பெரியம்மாகிட்ட சொல்லாத, ஊரக் கூட்டிருவா.”

சொல்லவில்லை. வேண்டாம் என்றது அவர்தானே. ஆஸ்பத்திரி என்றால் கட்டைப் பிரிப்பார்கள். புண்ணைப் பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

அடுத்த அறையில் அவர் மூச்சு கேட்கிறது. இடையில் அது நிற்கும்போது என் பேனாவும் நிற்கிறது. பயமாக இருக்கிறது. நான் யாருக்கும் தீங்கு நினைக்கவில்லை. ஆறவிடவில்லை, அவ்வளவே.

தேர்வு திங்கட்கிழமை. நாளை காலை வெந்நீர் வைத்து, கட்டைப் பிரித்து, புதுச் சதை வந்திருந்தால் எடுக்க வேண்டும்.