மங்கலான பச்சை

எல்லோரும் சேர்க்கும் அதே கலவைதான். தொழிற்சாலையில் நான் உருக்கி வார்க்கும் கண்ணாடி மட்டும் மங்கலாக ஒளிர்ந்தது. ஏன் என்பது எனக்குப் பிடிபடவே இல்லை, ஐயா.

அகச்சிவப்புக் கதிர் கண்ணுக்குத் தெரியாது. கண்ணாடியை உருக்கும்போது எர்பியம் என்ற தனிமத்தைச் சிட்டிகையளவு சேர்த்தால், அதன் அணு அந்தக் கதிரின் இரண்டு துகள்களை வாங்கிக்கொண்டு ஒரு பச்சைத் துகளை வெளியே விடும். ஒருவர் எட்ட முடியாத மதிலை இருவர் தோளேறி எட்டுவதுபோல. எனக்கு இன்றும் வியப்புதான்.

தரம் பார்ப்பவர் என் அக்காவின் கணவர். எதையும் கண்ணால் பார்த்தே சொல்வார். "உன் கண்ணாடிக்கு ரத்தசோகை மச்சான், டானிக் குடு" என்பார், எல்லோர் முன்னாலும். அடுத்த வார்ப்பும் தேறாவிட்டால் என் வேலை வேறொருவருக்குப் போகும் என்று மேலாளர் சொல்லியிருந்தார். வேறு கண்கள் பார்த்தால் தேறும் என்று எனக்குத் தோன்றியது.

சோதனை நடப்பது இருட்டறையில்; ஒரு லேசர் கருவி லென்ஸ் வழியாக அந்தக் கதிரைக் கண்ணாடித் துண்டின்மேல் பாய்ச்சும். துண்டை வைக்குமுன் கதிர் அணைந்துவிட்டதா என்று பார்க்க ஓர் அட்டை உண்டு; கதிர் பட்டால் ஒளிரும். ஆனால் அது முன்பே விளக்கொளியை வாங்கிச் சேமித்திருக்க வேண்டும். சேமிப்பு தீர்ந்தால் கதிர் பட்டாலும் சும்மா இருக்கும். அட்டையைக் கதிரின் முன் நகர்த்தி நகர்த்தி முழுவதும் தீர்த்தேன். பிறகு மறுபடி வெளிச்சம் படாதபடி கறுப்பு உறையில் போட்டுவைத்தேன்.

"அணைச்சிட்டியா மச்சான்?"

"அட்டையில பாத்துக்குங்க மாமா."

நான் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். அவர் நீட்டிப் பார்த்த அட்டை ஒளிரவில்லை. பாதுகாப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, வழக்கம்போலக் கருவியின் லென்ஸில் தூசி தேடிக் குனிந்தார். விழித்திரைக்கு வலிக்கத் தெரியாது. வலது கண்ணில் ஏதோ மறைக்கிறதே என்று இடது கண்ணையும் வைத்துப் பார்த்தார். அது அவராகச் செய்தது.

இனி எதையும் நேராகப் பார்க்க முடியாது என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். அக்கா அவருக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். அவர் என் கையைத் துழாவிப் பிடித்தார்.

"படுத்துக்கிட்டு உன் கண்ணாடியப் பத்தித்தான் யோசிச்சேன் மச்சான். உன் கலவைப் பொடி டப்பா வாஷ்பேசின் பக்கத்துலதான இருக்கு? ஈரம் ஏறியிருக்கும். அது வெளிச்சத்தக் குடிச்சிரும். காயவச்சு உருக்கிப் பாரு."

பார்த்தேன். இருட்டறைச் சுவரெல்லாம் பச்சை.

உருக்குவதற்கு முன் பொடியை நன்றாக உலர்த்த வேண்டும், ஐயா. அவ்வளவுதான்.