ஹார்லனுக்குப் பிடிக்காத எந்திரங்கள்

மேடையில் அமர்ந்திருக்கும் மதிப்பிற்குரிய பாஸ்டர் க்வாலே அவர்களே, தன்னார்வத் தீயணைப்புக் குழுவின் தலைவர் டுவேன் ஸ்கோக்லண்ட் அவர்களே, அன்பிற்குரிய நோரீன் ட்வெய்ட் அவர்களே, ஸ்போகேனிலிருந்து வந்திருக்கும் நோரீனின் தங்கை அவர்களே, நாற்காலி போதாமல் அறுத்த கட்டைகளின் மேல் உட்கார்ந்திருக்கும் லார்ச் கிரீக் பள்ளத்தாக்குப் பெருமக்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

மேடை என்று சொன்னேன். ஹார்லன் ட்வெய்ட் கட்டி முடிக்காமல் விட்டுப்போன இந்த மரவீட்டுக்குள் மேடைக்கு எங்கே போவது? இரண்டு மரத்தடிகளின் மேல் போட்ட பலகைதான் அது. கூரை என்று சொல்ல மேலே ஒரு தார்ப்பாய் இருக்கிறது. அது காற்றில் படபடவென்று அடிப்பதால் சத்தமாகப் பேச வேண்டியிருக்கிறது. கோபத்தில் கத்துகிறேன் என்று உங்களில் யாராவது நினைத்தால், அதிலும் தப்பில்லை.

நமது மரவீடு கட்டுவோர் சங்கத்தின் தலைவர், அமரர் ஹார்லன் ட்வெய்ட் அவர்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை பேசும்படி பாஸ்டர் என்னைக் கேட்டுக்கொண்டார். நல்லதாக நாலு வார்த்தை! அதுவும் யாரிடம்? எந்திரங்களை வாடகைக்கு விடுகிற கடைக்காரியிடம்! இந்த மாண்டனா மாநிலத்திலேயே ஹார்லனிடம் என்னைவிட அதிகமாகப் பட்டவர் ஒருவர் இருந்தால், அது அவர் மனைவி நோரீனாகத்தான் இருக்கும். பாஸ்டரே, மனிதர்கள் மேல் உங்களுக்கு ரொம்பத்தான் நம்பிக்கை.

சரி, நல்லதையே முதலில் சொல்லிவிடுகிறேன். தேவாலயத்தின் வடக்குச் சுவருக்கு ஆணி இறக்கியது யார்? ஹார்லன் ட்வெய்ட். தீயணைப்பு வண்டி நிற்கிற கொட்டகையின் சுவருக்கு? ஹார்லன் ட்வெய்ட். நம் டுவேன், கீழே கம்பி இருக்கிற இடத்திலேயே மறுபடியும் துளை போட்டு, இரும்பின் மேல் டிரில் பிட்டை முறித்துக்கொண்டு விழித்தாரே, அன்றைக்கு ஓடிவந்து ஒவ்வொரு கம்பிக்கும் நேராக நீலச் சாக்பீஸில் கோடு போட்டுக்கொடுத்தது யார்? சிரிக்காதீர்கள், டுவேன் மேடையில் இருக்கிறார். கூப்பிட்டவர் வீட்டுக்கெல்லாம் போன மனிதர் அவர். சம்மட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வருவார். வேலை முடிந்ததும் ஹக்கிள்பெரிப் பழம் வைத்துச் சுட்ட ‘பை’ ஒரு துண்டு சாப்பிடுவார். அது போன வருடத்தைவிடப் புளிப்பு என்று ஒரு குறை சொல்லிவிட்டுத்தான் போவார்.

வெளியூரிலிருந்து வந்தவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். மரத்தடியைத் தடியின் மேல் அடுக்கினால் மட்டும் சுவராகிவிடாது. மேல் தடியில் துளை போட வேண்டும். அந்தத் துளை வழியாக முறுக்குக் கம்பியை இறக்கி, கீழ்த் தடிக்குள் ஆழமாக அடிக்க வேண்டும். பச்சை மரம் காய்ந்து முறுக்கிக்கொள்ளும்போது சுவரைப் பிடித்து நிறுத்துவது அந்தக் கம்பிதான். ஆணி என்று நாங்கள் சொல்வதும் அதைத்தான். ஆகவே வேலை இரண்டு, கருவியும் இரண்டு. துளைக்க ஒன்று, அடிக்க ஒன்று. உலகத்தில் இதைவிடச் சுலபமான கணக்கு உண்டா? இந்த இரண்டைத் தேர்ந்தெடுக்கத்தான் நம் தலைவர் என் உயிரை வாங்கினார்!

ஒரு வசந்த காலத்தில், சம்மட்டியை மாட்டி வைத்துவிட்டு என் கடைக்கு வந்தார். இனிமேல் எந்திரம்தான் என்றார். நமக்கெல்லாம் வேடிக்கையாக இருந்தது. சங்கக் கூட்டத்தில் அவரைக் கிண்டல் செய்யாதவர் யார்? கிழவருக்குச் சோம்பல் வந்துவிட்டது என்றோம். அவரும் தாடியைத் தடவிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

முதலில் ரோடு உடைக்கிற காற்று எந்திரத்தைக் கொண்டுபோனார். கம்ப்ரஸருடன் சேர்த்து இழுத்துக்கொண்டு போய், வந்த வேகத்திலேயே திருப்பிக் கொண்டுவந்தார்.

“கனமா இருக்கு பெர்னிஸ்.”

“கனமா இல்லாம பஞ்சாட்டமா இருக்கும்? ரோடு உடைக்கிறதுய்யா அது. நீதானே வேணும்னு நின்ன?”

“தூக்க முடியல” என்றார்.

தூக்க முடியவில்லையாம்! எல்க் மானின் பின்தொடையைத் தனி ஆளாக முதுகில் சுமந்து மலை இறங்குகிறவர் சொல்கிறார், தூக்க முடியவில்லையாம்!

அடுத்து, மெதுவாகச் சுற்றுகிற பெரிய டிரில்லைக் கொடுத்தேன். மரவீடு கட்டுகிற எவரும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கிற எந்திரம் அது. எப்படிப்பட்ட தடியையும் வெண்ணெய் போலத் துளைத்துவிடும். அதில் ஒரே ஒரு தொல்லைதான். பிட் ஒரு கணுவில் சிக்கிக்கொண்டால் எந்திரம் நிற்காது, பிடித்திருக்கிற ஆளைத்தான் சுழற்றும். அது தெரிந்துதான் எல்லோரும் காலை ஊன்றிப் பிடிக்கிறோம். இவர் அதையும் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

“உதைக்குது. கணுவுல மாட்டுனா மணிக்கட்டு போயிடும்.”

“உன் மணிக்கட்டா? அது வேலிக் கம்பம் கணக்கா இருக்கு. அதுக்கு என்ன ஆயிடும்?”

“மணிக்கட்டு மணிக்கட்டுதான். யாரோடதா இருந்தா என்ன” என்று சொல்லிவிட்டு, அலமாரியைப் பார்க்கப் போய்விட்டார்.

பேட்டரியில் ஓடுகிற சின்ன டிரில்லைக் கொடுத்தேன். எடை குறைவு என்று மகிழ்ந்து கொண்டுபோனார். இந்தக் குளிரில் பேட்டரி எத்தனை துளைக்குத் தாங்கும்? அதுவும் திரும்பி வந்தது. கான்கிரீட் உடைக்கிற மின்சாரப் பிரேக்கரில் கிண்ணம் போன்ற முனையை மாட்டி, கம்பியின் தலையில் கவிழ்த்து அடிக்கலாம் என்று சொல்லி அதைக் கொடுத்தேன். அதற்கு என்ன குறை கண்டுபிடித்தார் தெரியுமா? விசை விரலுக்கு எட்டவில்லையாம்! கரடிப் பாதம் மாதிரி கை அவருக்கு. அந்தக் கைக்குள் எந்திரமே மறைந்துபோகும். அவருக்கு விசை எட்டவில்லை! அன்றைக்கு அவர் போனதும் நான் கடைக் கதவைச் சாத்திவிட்டு, காலிக் கடையில் உட்கார்ந்து கத்தினேன்.

சங்கத்தில் மட்டும் என்ன வாழ்ந்தது? புதிதாக வீடு கட்ட வருகிறவர்களுக்கு எந்த எந்திரத்தைச் சிபாரிசு செய்வது என்று குளிர்காலம் முழுக்கக் கூடிக் கூடிப் பேசினோம். தீர்மானம் நிறைவேறியதா? கை தூக்கும் நேரம் வந்தாலே தலைவர் எழுந்து, இன்னும் ஒன்றைப் பார்த்துவிடலாம் என்பார். அதோடு கூட்டம் முடிந்துவிடும். ஆற அமர யோசிக்கலாம், தப்பில்லை. ஆனால் அவருடைய சுவர் இங்கே வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. நோரீன் பக்கத்திலிருக்கும் சக்கர வீட்டில், நடக்க இடமில்லாத அந்தத் தகரப் பெட்டியில், குளிர்காலத்துக்கு மேல் குளிர்காலமாகக் கழித்துக்கொண்டிருந்தார்.

நாம் ஏன் வந்து கட்டிக்கொடுக்கவில்லை? நியாயமான கேள்வி. பதிலும் நமக்குத் தெரியும். இந்தப் பள்ளத்தாக்கில் ஒருவர் கூப்பிடாமல் அவருடைய சுவருக்குள் இன்னொருவர் கால் வைப்பதில்லை. வண்டியில் போகும்போது ஹாரன் அடிப்போம். உள்ளேயிருந்து ஒரு கை அசையும். அவ்வளவுதான் நமது விசாரிப்பு. அதை மரியாதை என்று சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்கிறோம்.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து நோரீன் எனக்குப் போன் செய்தார். உன் மிஷின் இங்கே இருக்கிறது, வந்து பார் என்றார். வந்தேன். வாசலுக்காக விட்டிருந்த இடைவெளியில் வழக்கப்படி நின்றுகொண்டேன். உள்ளே வா என்று அவர் இரண்டு தரம் சொன்ன பிறகுதான் காலை வைத்தேன்.

இப்போது எல்லோரும் அந்தக் கிழக்கு மூலையைப் பாருங்கள். வந்ததிலிருந்து அதைப் பார்த்துக் குசுகுசுவென்று பேசிக்கொண்டுதானே இருக்கிறீர்கள். மேலே ஒரு கப்பி. அதில் ஒரு கயிறு. கயிற்றின் ஒரு முனையில் என் பிரேக்கர், மறு முனையில் மணல் மூட்டை. எந்திரத்தின் கனத்தை மூட்டை சுமந்துகொள்கிறது. பிடிக்கிறவருக்கு நேராக வைத்துக்கொள்கிற வேலை மட்டும்தான். விசையின் மேல் ஒரு மரத்துண்டை வைத்துக் கட்டி, விரலுக்கு எட்டும்படி நீட்டியிருக்கிறது. கைப்பிடியில் ஒரு ஜோடி கையுறை செருகியிருந்தது. அதை எடுத்து என் கையில் மாட்டிப் பார்த்தேன். எனக்கே இறுக்கமாக இருந்தது.

அப்போதுதான் நோரீன் சொன்னார்.

“ரெண்டு வருஷமா அவருக்கு நெஞ்சு சரியில்ல. சம்மட்டியத் தொடக் கூடாதுன்னுட்டார் டாக்டர். மேல இருக்குற வரிசையெல்லாம் நான் அடிச்சது.”

“அவர் என்ன பண்ணாரு?”

“அந்தக் கட்டை மேல உக்காந்து குறை சொல்லிட்டிருந்தாரு.”

அன்புள்ள நண்பர்களே! கனம் என்றது அவர் தோளுக்கு அல்ல. உதைக்கிறது என்றது அவர் மணிக்கட்டுக்கு அல்ல. எட்டவில்லை என்றது அவர் விரலுக்கும் அல்ல. தான் இல்லாமல் போனாலும் தன் மனைவி யாரிடமும் போய் நிற்காமல், தன் கையாலேயே இந்த வீட்டை முடிக்கும்படி ஒரு கருவியைத் தேடியிருக்கிறார் அந்த மனிதர்.

இதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்தது. அழுது முடித்ததும் பழையபடி கோபம் வந்தது. ஏனய்யா ஹார்லன்! சின்னக் கைக்கு ஏற்ற எந்திரம் எது என்று கேட்க உனக்கு ஊரில் ஆள் கிடைக்கவில்லையா? என் கையைப் பார்த்ததே இல்லையா? என் கடையில் இருக்கிற அத்தனை எந்திரத்தையும் தினம் ஓட்டிக் காட்டுகிறவள் நான்தானே? நோரீனுக்கு என்று ஒரு சொல், ஒரே ஒரு சொல் சேர்த்திருந்தால், சிக்கினால் தானாக நழுவிக்கொள்கிற கிளட்ச் வைத்த டிரில்லை அந்த நிமிடமே எடுத்துக் கொடுத்திருப்பேனே! உன் முதுகுக்குப் பின்னால்தானே அது இருந்தது! கேட்டால் குறைந்தா போய்விடுவாய்? ஊர் சுவருக்கெல்லாம் ஓடியவன், உன் சுவருக்கு ஒருவரைக் கூப்பிட்டாயா?

மன்னியுங்கள். அமரரை ஒருமையில் பேசிவிட்டேன். பாஸ்டர் தண்ணீர் கொடுக்கிறார்.

ஒப்புக்கொள்ள எரிச்சலாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அந்த மூலையில் தொங்குகிற ஏற்பாடு போல ஒன்று என் கடையில் இல்லை. கடைசியில் பிரேக்கரை மறுபடியும் எடுத்தபோது, அந்த கிளட்ச் டிரில்லையும் அவரே தேடிக் கண்டுபிடித்துக் கொண்டுபோயிருக்கிறார். நான் கோடை விடுமுறையில் போயிருந்த வாரம் பார்த்து!

இனி நடக்க வேண்டியதைப் பேசுவோம். இன்னும் மூன்று வரிசை பாக்கி. இதுவரை தடி தூக்கிய ஹார்லனின் பழைய டிராக்டர் அந்த உயரத்துக்கு எட்டாது. மலை உச்சியில் வெள்ளை தெரிய ஆரம்பித்துவிட்டது. நேற்று டுவேனும் அவருடைய ஆட்களும் வண்டி நிறையச் சம்மட்டிகளோடு வந்து இறங்கினார்கள். நல்ல மனதோடுதான் வந்தார்கள். நோரீன் வாசலில் நின்று சொன்னதை நானே கேட்டேன்.

“சம்மட்டிய வண்டியிலயே வை டுவேன். தடியத் தூக்கிக் குடுங்க, அது போதும். ஆணி நான்தான் அடிப்பேன்.”

தங்கை அவரை ஸ்போகேனுக்கு அழைத்துப்போவதற்காகக் காரின் பின்பக்கத்தைக் காலி செய்துகொண்டு வந்திருக்கிறார். அது பாசம். அதற்கு நோரீன் கொடுத்த பதிலையும் சொல்லிவிடுகிறேன்: “கிறிஸ்துமஸுக்கு நீ இங்க வா. கூரைக்குக் கீழ உக்காந்து சாப்பிடலாம்.”

ஆகவே, சங்கத்தின் சார்பில் இந்தச் சுவர்களுக்குள் நின்று உறுதி சொல்கிறேன். பனி விழும் முன்னே மீதித் தடிகளை நாம் தூக்கிக் கொடுப்போம். இது உறுதி. இந்த வாசலுக்குள் ஒரு சம்மட்டியும் நுழையாது. இதுவும் உறுதி. சங்கத்தின் சிபாரிசு எது என்று இனி யார் கேட்டாலும், யார் கைக்கு என்றுதான் முதலில் திருப்பிக் கேட்போம். கூரையில்லாத சுவர் ஒன்று இந்தப் பள்ளத்தாக்கில் இன்னொரு குளிர்காலம் நின்றால், ஹாரன் அடித்துவிட்டுப் போக மாட்டோம். வண்டியை நிறுத்தி இறங்குவோம். மரியாதை கெட்டவர்கள் என்று பெயர் வந்தால் வரட்டும்!

வழக்கமாக இந்த இடத்தில் ஒரு நிமிடம் மௌனமாக நிற்போம். ஹார்லன் உயிரோடு இருந்த நாளில் ஒரு நிமிடம் சும்மா இருந்ததில்லை, அவருக்காக நாம் ஏன் இருக்க வேண்டும்? கிழக்கு மூலையில், மேல் தடியில் துளை போட்டாகிவிட்டது. கம்பியும் நிறுத்தி வைத்திருக்கிறது. எல்லோரும் எழுந்து நில்லுங்கள். தொப்பியைக் கழற்றுங்கள். குழந்தைகளின் காதைப் பொத்துங்கள். டுவேன், ஜெனரேட்டரைப் போடு.

நோரீன், கையுறைய மாட்டிக்கிட்டியா? விசை விரலுக்கு எட்டுதா?

சரி. அடி.