மகனுக்குப் போட்ட பாதை

குளிர்காலத்தில் மோட்டார் சைக்கிளில் தூரம் போகிறவர்களுக்கு முதலில் வேண்டியது நல்ல காலுறை. எல்லோரும் டயரையும் எஞ்சினையும் பற்றித்தான் கதைப்பார்கள். கால்விரல் விறைத்துவிட்டால் கியர் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. நான் யதுர்சனுக்கும் சுஜாந்தினிக்கும் ஆளுக்கு எட்டுச் சோடி கம்பளிக் காலுறை வாங்கி, ஒவ்வொரு நாளுக்கும் தனிப் பையில் போட்டு, பையின் மேல் திகதியும் எழுதிக் கொடுத்தேன். இதை முதலில் பதிவு செய்துகொள்ளுங்கள். நான் அக்கறை இல்லாத தாய் என்று யாரும் எழுதிவிடக் கூடாது.

தமிழிலேயே எழுதித் தரலாம் என்று சொன்னதற்கு நன்றி. மொழிபெயர்ப்பாளருக்குச் சிரமம் வராதபடி தெளிவாக எழுதுகிறேன்.

என் பெயர் ஞானேஸ்வரி. வயது அறுபத்தொன்று. டென்மார்க்கில் இந்த இக்காஸ்டுக்கு வந்து முப்பத்துமூன்று வருடம். முதலில் துணி ஆலை. அது மூடியபின், வயதானவர்களை அவர்களுடைய வீட்டிலேயே வைத்துப் பராமரிக்கும் வேலை. கடைசிப் பதினான்கு வருடமாக அந்த வேலைக்கு நேர அட்டவணை போடுகிறேன். எந்தப் பராமரிப்பாளர் ஏழு பத்துக்கு யாரைக் குளிப்பாட்ட வேண்டும், ஏழு முப்பத்தைந்துக்கு யாருக்கு ஊசி போட வேண்டும், எந்தத் தெருவால் போக வேண்டும், எல்லாம் என் பட்டியல்தான். குளிர்காலத்தில் மூன்று மணிக்குப் பிறகு பாலங்கள் உள்ள பாதையால் ஒருவரையும் அனுப்ப மாட்டேன். பகல் வெய்யிலில் உருகிய தண்ணீர் அந்த நேரத்தில்தான் கண்ணாடியாக இறுகும். தாரின் நிறத்திலேயே இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. என் பட்டியலில் ஓடிய ஒருவர்கூட இதுவரை வழுக்கி விழுந்ததில்லை. விசாரித்துப் பாருங்கள்.

யதுர்சன் என் ஒரே மகன். முப்பத்தொரு வயது. கலியாணம் கட்டியபிறகு மூன்று தெரு தள்ளி மாடி வீடு ஒன்றில் இருந்தார்கள். ஆனாலும் மாலை ஆறு மணிக்கு என் வீட்டில்தான் சாப்பாடு. போன வருடம் ஒக்டோபரில் அப்படிச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் சொன்னான்.

"அம்மா, சுஜாவுக்கு துரொம்சோவிலை வேலை கிடைச்சிருக்கு. பெரிய ஆசுப்பத்திரி."

"அது எங்கை கிடக்கு?"

"நோர்வேயின்ரை மேல் நுனியிலை. ஜனவரியிலை மோட்டர் சைக்கிளிலை போய் ஊரைப் பாத்து, வீட்டுக்கும் கையெழுத்து வைச்சிட்டு வாறம். ஏப்ரலிலை மாறுறம்."

"குளிருக்கை மோட்டர் சைக்கிளோ? உங்களுக்கென்ன விசரோ?"

சுஜாந்தினி சோற்றைப் பிசைந்தபடியே சொன்னாள்: "ரெண்டு பேருக்கும் ஒரே விசர், மாமி. அதாலைதானே கலியாணம் கட்டினனாங்கள்."

மூவரும் சிரித்தோம். நான் இன்னும் கொஞ்சம் குழம்பு விட்டேன். பிறகு கேட்டேன்.

"பாதையை நான் போட்டுத் தரட்டோ?"

"அம்மா போட்டா நான் வேறை ரோட்டு மப் பாக்கவே மாட்டன்" என்றான் அவன். எழுந்து வந்து என் தோளையும் கட்டிப்பிடித்தான்.

பயணத்துக்கு எட்டு நாள், பதினொரு பக்கத் திட்டம். எந்த இடத்தில் பெற்றோல், எந்த இடத்தில் சூடான சூப், சூடேற்றும் சட்டைக்கு எத்தனை மணி நேரத்துக்கு ஒரு முறை ஓய்வு கொடுக்க வேண்டும், எந்த விடுதியில் ஈரக் கையுறை காயவைக்க அறை இருக்கிறது, எல்லாவற்றையும் எழுதினேன். ஹியர்ட்ஸ்ஹால்ஸ் துறைமுகத்தில் கப்பலுக்கு எத்தனை நிமிடம் முந்திப் போக வேண்டும் என்றும் எழுதினேன். விடுதிக்காரப் பெண் ஒருத்தி தொலைபேசியில், இப்படி ஒரு மாமியார் எனக்கும் வேண்டும் என்றாள்.

என் நோக்கம் சின்னது. ஒரு சறுக்கல், ஒரு முறிந்த கால். முறிந்த கால் பொருந்த மூன்று மாதம். எந்த வேலையும் எவருக்காகவும் மூன்று மாதம் காத்திருக்காது. புருசனைக் கட்டிலில் போட்டுவிட்டு அவள் ஊர் மாறவும் மாட்டாள், நல்ல பிள்ளை. நான் அவளுக்கு ஒரு நாளும் கெடுதல் நினைத்ததில்லை. அவளுக்கு ஏதும் ஆகியிருந்தால் ஹோர்சன்ஸில் தாய் வீடு இருக்கிறது.

நவம்பரில் தச்சரைக் கூப்பிட்டு என் குளியலறைக் கதவைத் தொண்ணூறு சென்ரிமீற்றராக அகலப்படுத்தினேன். நிலைப்படிகளையும் எடுக்கச் சொன்னேன். முழங்கால் வருத்தம், வயது போகுது என்றேன். யதுர்சன்தான் பின்னேரங்களில் வந்து சுவருக்கு நிறம் பூசித் தந்தான்.

டயர் விசயமும் சொல்ல வேண்டும். பனியில் வழுக்காத, ஆணி பதித்த டயர் பெப்ரவரிக்குப் பிறகுதான் வருமாம், கடையில் சொன்னார்கள் என்று அவனிடம் சொன்னேன். கடை அப்படிச் சொல்லவில்லை. வந்திருந்த டயரை நான்தான் திருப்பி அனுப்பினேன்.

ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை புறப்பட்டார்கள். சனிக்கிழமை, மூன்றாம் நாள், மலையைக் கடக்கும் பகுதி. அந்த நாளின் பக்கத்தில் மட்டும் புறப்படும் நேரத்தை வெறுமையாக விட்டு, 'அம்மா சொல்லுவன்' என்று எழுதியிருந்தேன். விடுதியிலிருந்து மேலே உள்ள பாலத்துக்குத் தொண்ணூறு கிலோமீற்றர். அந்தக் குளிரில் ஒரு மணி நாற்பது நிமிடம். வானிலைப் பக்கத்தில் மதியம் நல்ல வெய்யில், மூன்று மணிக்குப் பின் கடும் குளிர் என்று இருந்தது. நான் வேண்டிக்கொண்ட மாதிரியே.

பத்தரைக்கு யதுர்சன் அழைத்தான். சாமானெல்லாம் கட்டியாகிவிட்டது, பதினொரு மணிக்கு வெளிக்கிடலாமா என்று கேட்டான்.

"ஒண்டரை மட்டும் நில்லுங்கோ, தம்பி. ராகு காலம்."

"ராகு நோர்வேக்கும் வாறவரோ? விசா எடுத்தவரே?"

"சூரியன் இருக்கிற இடமெல்லாம் வருவார்."

"அப்ப துரொம்சோவிலை பிரச்சினை இல்லை. அங்கை ரெண்டு மாசம் சூரியனே இல்லை."

சுஜாந்தினி தொலைபேசியை வாங்கினாள். "மாமி, ஒண்டரைக்கு வெளிக்கிட்டா மேலை இருட்டுப்படத் தொடங்கிடும்."

"பிள்ளை, நான் உங்களிட்டை வேறை என்ன கேட்டனான்? இது ஒண்டைச் செய்யுங்கோ. என்ரை மனம் ஆறாது."

அவள் பெருமூச்சு விட்டது கேட்டது. பிறகு, "ஓம் மாமி" என்றாள். ராகு காலத்தை நம்பாத பிள்ளைகள். என் மனம் நோகக் கூடாது என்பதற்காக மூன்று மணி நேரம் குந்தியிருந்தார்கள். நான் நன்றாக வளர்த்திருக்கிறேன்.

மூன்று பத்துக்குப் பாலத்தின் வளைவில் சறுக்கினார்கள். சுஜாந்தினிக்குக் கை முறிந்தது. யதுர்சனுக்கு முள்ளந்தண்டு. நெஞ்சுக்குக் கீழே எதுவும் இயங்காது என்றார்கள்.

மே மாதம் மருத்துவமனையிலிருந்து அனுப்பினார்கள். அவர்களுடைய வீட்டுக்கு மாடிப்படி ஏற வேண்டும். ஆகவே என் வீட்டுக்குத்தான் கொண்டுவந்தோம், சுஜாந்தினியும் கூடவே வந்தாள். கோயிலில் கண்டவர்கள், கடவுளே முன்கூட்டிச் செய்துவைத்த மாதிரிக் கதவுகூட அகலம் என்றார்கள். நான் வேலையில் விடுப்பு எடுத்து அவனை நானே பார்த்தேன். ஏழு பத்துக்குக் குளிப்பு, எட்டுக்குக் கஞ்சி, நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வைத்தல். ஒரு படுக்கைப் புண்கூட வரவில்லை. ஆறு மணிக்கு என் கையால் சாப்பிட்டான். அதிகம் பேச மாட்டான். களைப்பு.

ஓகஸ்டில் சுஜாந்தினியின் தாய் ராசமலர் மகளைப் பார்க்க ஹோர்சன்ஸிலிருந்து வந்தாள். தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். சமையலறையில் தொங்கும் நாட்காட்டிக்கு முன்னால் நின்று கேட்டாள்.

"அக்கா, விழுந்தது சனிக்கிழமை எல்லோ? சனிக்கு ராகு காலம் ஒன்பது தொடக்கம் பத்தரை. நீங்கள் ஒண்டரை மட்டும் மறிச்சனீங்கள் எண்டு பிள்ளை சொல்லுறாள்."

"அது ஊர்க் கணக்கு, ராசமலர். இஞ்சை சூரியன் பிந்தியெல்லே வரும்."

"அதுவும் சரிதான். அப்ப இஞ்சத்தைக் கணக்கைப் பாப்பம்."

அவள் தொலைபேசியில் அவர்கள் விழுந்த இடத்தின் சூரிய நேரத்தைத் தேடி எடுத்தாள். உதயம் ஒன்பது எட்டு, மறைவு மூன்று நாற்பத்தெட்டு. நானூறு நிமிடப் பகல். எட்டாகப் பிரித்தால் ஐம்பது. சனிக்கு மூன்றாவது பங்கு. ஒரு கடித உறையின் பின்புறத்தில் நிதானமாக எழுதிப் பார்த்தாள்.

"பதினொண்டு முப்பத்தெட்டுக்கு முடிஞ்சிட்டுதக்கா."

அவள் தேத்தண்ணியைத் தொடாமல் எழுந்து மகளின் அறைக்குப் போனாள். அவளைப் பிழை சொல்ல மாட்டேன், கணக்குச் சரி. நாற்பது வருடம் விரதம் பிடிக்கிற ஒருத்தி இருக்கும் குடும்பத்தில் நான் ராகு காலத்தைத் தொட்டிருக்கக் கூடாது. பனிப்புயல் என்று சொல்லியிருக்கலாம்.

அடுத்த கிழமை பொலிஸ் என்று நீங்கள் வந்தீர்கள். முறைப்பாடு கொடுத்தது யதுர்சன் என்கிறீர்கள்.

நேற்று ஒரு மின்னஞ்சலை என் முன்னால் வைத்தீர்கள். டிசம்பர் ஆறாம் திகதி, நோயாளியைக் கட்டிலிலிருந்து தூக்கும் இயந்திரம் ஒன்றைக் கூரையில் பூட்ட என்ன செலவாகும் என்று நான் கேட்ட மின்னஞ்சல். கால் முறிந்தவருக்கு அது எதற்கு என்றீர்கள். நல்ல கேள்வி. அதுவரை நானே என்னிடம் கேட்காத கேள்வி.

இரவு முழுக்க யோசித்தேன். முறிந்த கால் பொருந்திவிடும். பொருந்தினால் போய்விடுவான். மூன்று மாதம் எனக்கு எப்போதுமே போதாது. பாலத்தை நான்தான் தெரிந்தெடுத்தேன், நேரத்தையும் டயரையும் நான்தான் தெரிந்தெடுத்தேன். அந்த வளைவில் எப்படி விழுவார்கள் என்று தெரிந்துதான் செய்தேன். இறந்துபோகக்கூடும் என்பதையும் யோசித்தேன். அது எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் அந்த இடத்தில் மட்டும் அறுபதுக்கு மேல் ஓட வேண்டாம் என்று திட்டத்தில் சிவப்பு மையால் எழுதினேன். அதையும் கோப்பில் சேருங்கள்.

ஒன்றே ஒன்றை நான் கணக்கில் எடுக்கவில்லை. துரொம்சோ மருத்துவமனை சுஜாந்தினிக்காகக் காத்திருந்திருக்கிறது. வருகிற மாதம் அவனை ஒரு வான் வண்டியில் ஏற்றி அங்கே கொண்டுபோகிறாளாம். அவனே விரும்பிக் கேட்டான் என்கிறீர்கள். படுக்கையில் கிடக்கிற வருத்தக்காரர் அப்படித்தான் ஏதாவது கேட்பார்கள். இரண்டாயிரம் கிலோமீற்றர். நவம்பரில் அந்த மலை உறையத் தொடங்கிவிடும், அவளுக்கு இதெல்லாம் தெரியாது.

என்னை இங்கே காவலில் வைத்திருப்பதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. இன்னும் நாலு தாள் மட்டும் தாருங்கள், அந்தப் பாதையை நான் போட்டுத் தருகிறேன். என் பிள்ளை பத்திரமாக வீடு வந்து சேர வேண்டும் என்பதைத் தவிர வேறு எதையும் நான் ஒரு நாளும் நினைத்ததில்லை.